பெட்டியில் இருந்த ஆட்டம் சட்டைப் பைக்குப் போகிறது!

2023-ம் ஆண்டு மே 29-ந் தேதி இரவு. அம்பத்தூரில் ஒரு தெரு. நடுநிசி தாண்டிவிட்டது. ஒருவரும் தூங்கவில்லை.

ஆமதாபாத்தில் ஐ.பி.எல். கிரிக்கெட் இறுதி ஆட்டம். மழையால் தாமதப்பட்டு, 30-ந் தேதி அதிகாலை 1½ மணிக்குக் கடைசிக் கட்டத்தை எட்டியது. சென்னை அணி ஜெயிக்க 2 பந்தில் 10 ரன் வேண்டும்!

ஜடேஜா ஒரு சிக்சர் அடித்தார். அடுத்த பந்து பவுண்டரி. கோப்பை சென்னைக்கு!

டெலிவிஷன் உள்ள வீட்டில் ஆரவாரம் எழுந்தது. பக்கத்து வீட்டார் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அந்தப் பந்து இன்னும் வீசப்படவே இல்லை!

"அட, முந்திக்கொண்டு கத்திவிட்டார்களே!" என்று சலித்துக்கொண்டார்கள்.

இது என்ன மாயம்? மாயம் ஒன்றும் இல்லை. இண்டர்நெட் வழியாக வரும் படம், சில வினாடி அளவுள்ள துண்டுகளாக வெட்டி அனுப்பப்படுகிறது. செல்போன் சில துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு பிறகுதான் காட்டும். அதனால் டெலிவிஷனுக்குப் பின்னால்தான் வரும்.

ஆனால் பணத்தில் செல்போன் பின்தங்கி இல்லை. டெலிவிஷனை முந்திவிட்டது!

கோடிக் கணக்கு

2022 ஜூன் மாதம் ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை ஏலம் போயிற்று. 2023 முதல் 2027 வரை 5 ஆண்டுகளுக்கு இந்த உரிமை.

டெலிவிஷன் உரிமையை ஸ்டார் கம்பெனி 23,575 கோடி ரூபாய்க்கு எடுத்தது. இந்தியாவுக்கான இண்டர்நெட் உரிமையை வயாகாம்-18 கம்பெனி எடுத்தது. சில ஆட்டங்களுக்கான தனி உரிமையையும் சேர்த்து அது கொடுத்த தொகை சுமார் 23,758 கோடி ரூபாய்!

இவ்வளவு பணம் போட்டவர்கள் 2023-லும் 2024-லும் ஆட்டத்தைச் செல்போனில் இலவசமாகக் காட்டினார்கள். ஜனங்கள் பழகிக்கொண்டார்கள்.

2024 நவம்பரில் இரண்டு கம்பெனிகளும் ஒன்றாகச் சேர்ந்தன. 2025 ஐ.பி.எல். வந்தது. சில நிமிடம்தான் இலவசம். பிறகு சந்தா கேட்டது. ஒரு செல்போனுக்கு 3 மாதத்துக்கு 149 ரூபாய். இண்டர்நெட் செலவு தனி.

நன்மை இல்லையா?

உண்டு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் இரண்டாம் ஷிப்டு வேலை பார்ப்பவர், ஆட்டம் தொடங்கும் இரவு 7½ மணிக்கு வீட்டில் இருக்க முடியாது. சாப்பாட்டு வேளையில் இரண்டு ஓவர் பார்க்கிறார். ஆவடி ரெயிலில் நின்றபடியே ஸ்கோர் தெரிந்துகொள்கிறார். தமிழ் வர்ணனையும் செல்போனிலேயே கிடைக்கிறது.

ஆனால் அவர் வீட்டை நினைத்துப் பாருங்கள். நல்ல செல்போன் ஒன்றுதான். அது அவருடன் வேலைக்குப் போய்விட்டது. வீட்டில் இருக்கும் அம்மாவும், மனைவியும், பிள்ளைகளும் எதில் பார்ப்பார்கள்?

பெட்டி வீட்டில் இருக்கும். போன் சட்டைப் பையில் போய்விடும். வித்தியாசம் இதுதான்.

அந்தக் காலம்

1975 ஆகஸ்டு 15-ந் தேதி சென்னையில் டெலிவிஷன் நிலையம் தொடங்கிற்று. அப்போது தெருவுக்கு ஒரு பெட்டி இருந்தாலே அதிசயம். 1983-ல் கபில்தேவ் உலகக் கோப்பையை வாங்கியதை, பெட்டி இருந்த வீட்டில் ஊரே கூடிப் பார்த்தது. 1987-ல் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவிடம் 1 ரன்னில் தோற்றபோது ஊரே கூடி வருத்தப்பட்டது.

2006 முதல் தமிழக அரசு இலவச கலர் டெலிவிஷன் வழங்கியது. 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. ஏழை வீட்டிலும் குடும்பத்தோடு ஆட்டம் பார்க்க முடிந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒளிபரப்பு அலைகள் பொதுச் சொத்து என்று 1995-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. அதுவும் ஒரு கிரிக்கெட் வழக்கில்தான்!

2007-ல் ஒரு சட்டம் வந்தது. தேச முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களை ஒளிபரப்பும் தனியார் கம்பெனி, அந்தப் படத்தை அரசு நிறுவனமான பிரசார் பாரதிக்கும் கொடுக்க வேண்டும். இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒரு நாள் ஆட்டங்களும், 20 ஓவர் ஆட்டங்களும் இந்தப் பட்டியலில் உண்டு. ஐ.பி.எல். இல்லை.

2017-ல் சுப்ரீம் கோர்ட்டு இன்னொரு தீர்ப்புக் கூறியது. அப்படிக் கொடுக்கும் படத்தைத் தூர்தர்ஷன் தன் சொந்த ஒளிபரப்பிலும், 'ப்ரீ டிஷ்'ஷிலும் மட்டுமே காட்டலாம். தனியார் கேபிளில் காட்டக்கூடாது என்றது. 'ப்ரீ டிஷ்'ஷுக்கு டிஷ்ஷும் பெட்டியும் வாங்கும் செலவு மட்டும்தான். மாதச் சந்தா கிடையாது. இது பலருக்குத் தெரியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேபிளிலும் டி.டி.எச்.சிலும் ஆட்டத்தைக் காட்டினால் படத்தைப் பகிர வேண்டும் என்றுதான் 2007 சட்டத்தின் வாசகம் இருக்கிறது. இண்டர்நெட்டைப் பற்றி அது பேசவில்லை. நாளை ஓர் ஆட்டம் இண்டர்நெட்டில் மட்டும் வந்தால்?

அப்படி நடக்காது என்று சொல்ல முடியாது. பூந்தமல்லியைத் தாண்டிப் போனால் இருங்காட்டுக்கோட்டையில் கார் பந்தய மைதானம் இருக்கிறது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு 'பார்முலா ஒன்' பந்தயம் என்றால் உயிர். 2024-ல் அந்தப் பந்தயம் இந்தியாவில் டெலிவிஷனில் வரவில்லை. இண்டர்நெட்டில் சந்தா கட்டியவர்கள்தான் பார்த்தார்கள்.

2027 வருகிறது

இப்போதைய ஐ.பி.எல். உரிமை 2027 ஆட்டங்களோடு முடிகிறது. அடுத்த ஏலத்தில் டெலிவிஷனுக்கு என்ன இடம் கிடைக்கும் என்பதுதான் கேள்வி. கம்பெனிகள் லாபம் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் இந்தியா ஆடும் ஆட்டம் எந்த வழியில் வந்தாலும் சந்தா இல்லாமல் ஜனங்களுக்குக் கிடைக்க வேண்டும். அதற்கு 2007 சட்டத்தில் இண்டர்நெட்டையும் சேர்க்க வேண்டியது டெல்லியின் பொறுப்பு.

அடுத்த முறை சென்னை ஜெயிக்கும்போது, அம்பத்தூர்த் தெருவில் ஒரு வீடு முந்திக் கத்தட்டும். இன்னொரு வீடு பிந்திக் கத்தட்டும். கத்த வழியில்லாமல் எந்த வீடும் இருட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது!