காய்ந்த ஒரு சொட்டு ரத்தம் என்ன சொல்லும்?

பிறந்து ரெண்டு, மூணு நாள் ஆன குழந்தையின் குதிகாலில் சின்னதா ஒரு குத்து. வரும் ரத்தத்தை ஃபில்டர் பேப்பர் அட்டையில் வாங்கி, காயவெச்சு, தபாலிலேயே லேபுக்கு அனுப்பிடலாம். 1960-களில் அமெரிக்க டாக்டர் ராபர்ட் கத்ரி பரவலாக்கிய முறை இது.

அந்தப் பொட்டில் டி.எஸ்.ஹெச் என்ற புரத ஹார்மோனை அளக்கிறார்கள். அது எகிறியிருந்தால், தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை என்று சந்தேகிக்கலாம். முதல் ரெண்டு வாரத்துக்குள் தைராக்ஸின் கொடுத்தால் மூளை வளர்ச்சி பிழைக்கும். தாமதிச்சா, இழந்ததை மீட்பது கஷ்டம். குழந்தையைப் பார்த்தா அப்போ பெரும்பாலும் எந்த வித்தியாசமும் தெரியாது என்பதுதான் சிக்கலே! கேரளாவின் அரசு மருத்துவமனைகளில் இந்த டெஸ்ட் உண்டு. ஆனால், இந்தியா முழுக்கக் கட்டாயமில்லை. அதனால, டிஸ்சார்ஜுக்கு முன்னாடி நீங்களே கேட்டுடுங்க.

இப்போ இந்த அட்டை பெரியவங்க பக்கமும் வந்தாச்சு. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஊக்கமருந்து சோதனைக்கே பயன்படுத்தினார்கள். ஆய்வகங்களில் பொட்டிலிருந்து குட்டி வட்டம் வெட்டி, புரதங்களை என்சைமால் பெப்டைடுகளாக நறுக்கி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளக்கிறார்கள்.

அதுக்காக, 'ஒரு சொட்டில் எல்லா டெஸ்ட்டும்'னு விளம்பரம் வந்தா உடனே ஆர்டர் போட்டுடாதீங்க. சிவப்பணு அதிகமிருந்தால் ரத்தம் தாளில் குறைவாகத்தான் பரவும். ரத்தசோகை இருந்தால் நிறைய பரவும். வெட்டும் வட்டம் ஒரே சைஸ்தான், உள்ளே இருக்கும் ரத்தம் ஆளுக்கு ஆள் மாறும். ரிசல்ட்டும் மாறும். சில பெப்டைடுகள் காய்வதற்குள்ளேயே சிதைந்துவிடும். பச்சிளம் குழந்தைக்கே அட்டையில் சந்தேகம் வந்தால், நரம்பில் ரத்தம் எடுத்து உறுதி செய்கிறார்கள்.