பென்சனும் குசனும்

போன கிழமை லீவு நாளில் அண்ணை வீட்டுக்குப் போயிருந்தேன். எப்போதும் அலறிக்கொண்டிருக்கும் ரீவி நிப்பாட்டிக் கிடந்தது. ஹோலின் நடுவில் ஒரு பழைய கதிரை தலைகீழாக இருந்தது. அண்ணை சின்ன முக்காலியொன்றில் குந்தியிருந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, கதிரையில் இருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"வா தம்பி. பாத்துக் காலை வை, ஆணி கிடக்கு."

கதிரை ஆணியைப் பற்றி எழுத என்ன இருக்கு என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கோ.

அண்ணை 1991 இல் லண்டனுக்கு வந்தவர். முதலில் பெற்றோல் ஸ்ரேசனில் இரவு வேலை. பிறகு றெஸ்ரோறண்ட் கிச்சின். நான் 2008 இல் வந்து சேர்ந்தபோது, வெங்காயம் வெட்டுகிற கத்தியை எப்படிப் பிடிப்பதென்று காட்டித் தந்தவர் அவர்தான். பதினைந்து வருசம் ஒரே அடுப்படியில் நின்றோம். 2023 இல் அவருக்கு 66 வயது. பென்சன். கேக் வெட்டினோம். காசு சேர்த்து ஒரு மணிக்கூடு வாங்கிக் கொடுத்தோம். இனி நேரமே பார்க்கத் தேவையில்லாத மனுசனுக்கு மணிக்கூடு!

"இனியென்ன அண்ணை, ராசா வாழ்க்கை" என்று சொல்லி அனுப்பினோம்.

ராசா வாழ்க்கை மூன்று மாதம்தான் ஓடியது. ஒருநாள் பார்த்தால் அண்ணை எங்கள் கிச்சின் பின்கதவடியில் நிற்கிறார். "சும்மா வந்தனான்" என்றார். கை தானாக வெங்காய மூட்டைக்குப் போனது. இரண்டு மூன்று தரம் வந்தபிறகு முதலாளி பகிடி போல, "வாறதெண்டா முன் கதவால வாங்கோ, சாப்பிட்டுட்டுப் போங்கோ" என்றார். அதற்குப் பிறகு அண்ணை வரவில்லை.

பிறகு ஒருநாள் அக்கா ரெலிபோன் எடுத்தா. "தம்பி, இந்த மனுசன் விடியக்காலமை எழும்பிக் குளிச்சு, வெளிக்கிட்டு, சப்பாத்தும் போட்டுக்கொண்டு செற்றியில இருக்குது. எங்கையப்பா போறியள் எண்டு கேட்டா ஒரு பதிலும் இல்லை."

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அண்ணைக்காக மட்டுமில்லை. எனக்கு இப்ப நாற்பத்திநாலு வயது. அந்தச் செற்றியில் சப்பாத்தோடு இருப்பது நானாகவும் தெரிந்தது.

பள்ளிக்கூடத்தில் "எனது பொழுதுபோக்கு" என்று கட்டுரை எழுதாத ஆள் எங்களில் யார் இருக்கிறோம்? நான் முத்திரை சேர்த்தல் என்று எழுதினேன். என்னிடம் இருந்தது நாலு முத்திரை. இங்கே வந்தபிறகு அந்த நாலும் இல்லை. ஏஜென்சிக்கடன், தங்கச்சியின் சீதனம், ஊரில் வீடு, இங்கே மோர்ட்கேஜ். இரண்டு வேலை செய்கிறவனுக்கு எங்கே பொழுது, எங்கே போக்கு?

எங்கள் ஆட்களுக்கு ஓய்வென்றால் கோயில், கலியாணவீடு, செத்தவீடு, ஊர்ச்சங்கம், பழைய மாணவர் சங்கம். நான் அதுகளைக் குறை சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கோ. இது எல்லாவற்றிலும் ஒருத்தர் மைக்கில் கதைக்க மற்றவர்கள் கதிரையில் இருக்கிறோம். முப்பது வருசம் ஓயாமல் வெட்டி, கழுவி, தூக்கிப் பழகிய கைகள் மடியில் சும்மா கிடக்கின்றன. நாங்கள் வயிற்றைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் யோசித்தோம். கைகளைப் பற்றி யோசிக்கவே இல்லை.

அண்ணையின் மகள் கெட்டிக்காரி. றெஸ்ரோறண்டில் கழித்துவிட்ட ஒரு கிழிந்த கதிரையை அவர் முந்தியே வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார். அதைக் காட்டி, கவுன்சில் நடத்துகிற வளர்ந்தோர் கல்வி நிலையத்தில் குசன் வகுப்பில் பதிந்துவிட்டாள். கிழமையில் ஒருநாள். முதல் நாள் அவளே கூட்டிக்கொண்டு போய் விட்டாள், பாலர் வகுப்புக்கு விடுகிற மாதிரி.

முதல் கதிரை சுகம். அடியில் நாலு திருகாணியைக் கழற்றினால் இருக்கை தனியாக வந்துவிடும். அண்ணை சந்தையில் மலிவாக வாங்கிய ஸ்பொஞ்சைக் கொண்டு போக, ரீச்சர் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டா. 1979 இல் மான்செஸ்டரில் வூல்வேர்த் கடையில் தளபாடப் பகுதி எரிந்து பத்துப்பேர் செத்தார்கள். கொன்றதில் பெரும்பங்கு ஸ்பொஞ்ச் எரிந்த புகைக்கு. அதுபோன்ற தீவிபத்துகளுக்குப் பிறகுதான் 1988 இல் சட்டம் வந்தது. வீட்டுக்கென்று விற்கிற குசன் தளபாடங்களின் ஸ்பொஞ்சும் துணியும் தீ பற்றுவதற்கு எளிதில் இடம் கொடுக்கக் கூடாது. நீங்கள் யாராவது தொடங்குவதென்றால் இதை மட்டும் மறக்கவேண்டாம். மலிவு ஸ்பொஞ்ச் வேண்டாம்.

இரண்டாவது, சரிற்றிக் கடையில் பதினைந்து பவுணுக்கு எடுத்த மிகப் பழைய கதிரை. பழைய கதிரையில் ஸ்பொஞ்ச் இல்லை. கீழே சணல் பட்டிகளை இழுத்து, ஒன்றுக்குள் ஒன்று பின்னி ஆணி அடிக்கவேண்டும். அதற்கு மேல் ஸ்பிரிங். ஸ்பிரிங்குகளைக் கயிற்றால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டவேண்டும், ஒன்றும் சரியாதபடி. அதற்கு மேல் சாக்கு. பிறகு திணிக்கிறது, பஞ்சு, கடைசியாகத்தான் வெளித்துணி. வெளியில் தெரிவது துணி மட்டும்தான். ஆனால் கதிரையைத் தாங்குவது ஒருத்தரும் பார்க்காத அந்தப் பட்டியும் கயிறும்.

பழைய துணியை உரித்துச் சாக்கைக் கிழித்தபோது உள்ளேயிருந்து மண்ணிறமாக ஒரு கட்டு வெளியில் வந்தது. ரீச்சர் ஏதோ இங்கிலீசுப் பெயர் சொன்னா. அண்ணை கையில் எடுத்து மணந்து பார்த்திருக்கிறார்.

தும்பு.

எங்கட தும்புதான். தும்புத்தடியில் இருக்கிற தும்பு. நாங்கள் படுத்து உருண்ட தும்பு மெத்தையின் தும்பு. இலங்கையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கப்பல் கப்பலாக இந்த நாட்டுக்கு வந்து, வெள்ளைக்காரரின் கதிரைக்குள் இருந்த தும்பு.

அதுவரைக்கும் வகுப்பில் அண்ணை வாய் திறந்ததே இல்லையாம். அன்று தன்ர உடைந்த இங்கிலீசில் சொல்லியிருக்கிறார்: பொச்சுமட்டையை மாசக்கணக்கில் தண்ணியில் ஊறப்போடுவது, பிறகு பொல்லால் அடித்து நார் எடுப்பது, அந்த மணம், தன் அம்மாவின் கை. வகுப்பில் எல்லாரும் வேலையை நிப்பாட்டிப்போட்டுக் கேட்டார்களாம்.

"தம்பி, முப்பத்திரண்டு வருசம் இந்த நாட்டில வேலை செய்தனான். ஓடர் சொன்னாங்கள், செய்தனான். உனக்கு என்ன தெரியும் எண்டு ஒருத்தனும் என்னட்டைக் கேக்கேல்லை. அண்டைக்குத்தான் கேட்டாங்கள்."

இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா? "லண்டனுக்கு வந்து கடைசியில குசன் அடிக்கிறாரோ?" என்று கலியாணவீட்டில் ஒருவர் கேட்டாராம். எந்தக் கை வேலைக்கும் ஒரு சாதியை ஒட்டிப் பார்க்கிற குணத்தைக் கப்பலேற்றி, பிளேன் ஏற்றி இங்கேயும் கொண்டுவந்து வைத்திருக்கிறோம். கோப்பை கழுவும்போது வராத வெட்கம் கதிரை தைக்கும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது? கழுவினது காசுக்கு, ஆகவே பரவாயில்லை. விருப்பத்துக்குச் செய்தால் குறைவு. நல்ல நியாயம்.

இன்னொரு கூட்டம், "இதைப் பிஸ்னஸா செய்யலாமே" என்கிறது. அண்ணைக்குக் காசு தேவைதான். முழுப் பென்சனுக்கு 35 வருசக் கணக்கு வேண்டும், பத்துக்குக் குறைந்தால் ஒரு சதமும் இல்லை. அவர் கையில் காசு வாங்கி வேலை செய்த வருசங்கள் எந்தப் பதிவிலும் இல்லை. (இதை வாசிக்கிற இளம் பெடியள், உங்கள் கணக்கை இண்டைக்கே பாருங்கோ.) ஆகவே கதிரை தைத்தால் எல்லாக் கவலையும் தீரும் என்று நான் பொய் சொல்ல வரவில்லை. வாடகைக்குக் கதிரை உதவாது. ஆனால் அண்ணை சொன்னார்: "காசு வாங்கினா அது வேலை. வேலை முடிஞ்சுது தம்பி."

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். பென்சனுக்குப் பிறகு பார்ப்போம் என்று விடாதையுங்கோ. அறுபத்தாறில் புதிதாக ஒன்றைத் தொடங்க அண்ணைக்கு ஒரு மகள் இருந்தாள். எல்லாருக்கும் இருக்காது. நாற்பதுகளில், கண்ணும் கையும் சொல்வழி கேட்கும்போது, காசுக்கில்லாத ஒரு கை வேலையைப் பழகி வையுங்கோ. குசன்தான் என்றில்லை. தச்சுவேலை, தோட்டம், சைக்கிள் திருத்துதல், எதுவென்றாலும். முன்னால் ஒரு பொருள் இருக்கவேண்டும். பின்னேரம் அது காலையில் இருந்ததைவிட நல்லாயிருக்கவேண்டும்.

எனக்கு, இப்போதைய சட்டப்படி, 68 இல்தான் பென்சன். நான் யாழ்ப்பாணம் கம்பஸில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தவன். 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடியதோடு எல்லாம் குழம்பிப் பாதியில் விட்டுவிட்டு வெளிக்கிட்டேன். ஸ்பிரிங்கை இழுத்தால் எவ்வளவு நீளும் என்ற ஹூக்கின் விதி இப்பவும் பாடம். ஆனால் அண்ணை வீட்டில்தான் முதன்முதலாக ஒரு ஸ்பிரிங்கைக் கையால் அமத்திக் கயிறு கட்டினேன். கட்டியது மூன்று தரம் அவிழ்ந்தது. "விடாதை, இன்னொருக்காக் கட்டு" என்றார் அண்ணை. வெங்காயம் வெட்டப் பழக்கினபோதும் அதே குரல்தான்.

நாலு ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. ஒரு சின்ன முக்காலிதான். பாதியில் விடாமல் முடித்தேன். கிச்சின் பின்பக்கம் வெங்காயப் பெட்டியைக் கவிழ்த்து இருந்து தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் இப்ப அதைப் போட்டிருக்கிறேன்.

அதில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் இடப்பக்கம் சரியுது. பரவாயில்லை. அடுத்தது நேராக வரும்.