எதைப் பார்க்கப் போனீர்கள்?

கடந்த சில ஆண்டுகளாக மில்லர்புரத்திலும் அதைச் சுற்றியுள்ள பங்குகளிலும், படித்துப் பணியமர்ந்த இளையோரிடையே புதியதொரு வழக்கம் பரவி வருகிறது. ஆண்டு விடுப்பில் பத்துப் பன்னிரண்டு நாள்களைச் சேர்த்துவைத்து, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, பாங்காக்கில் இறங்கி, புக்கெட், பினாங்கு, கோலாலம்பூர், மலாக்கா, சிங்கப்பூர் எனத் தெற்கு நோக்கி வந்து, கையில் பணம் மீந்தால் பாலித் தீவையும் மிதித்துவிட்டுத் திரும்புகிறார்கள். 2023-ஆம் ஆண்டின் இறுதியில் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியர்க்கு விசா விலக்கு அறிவித்தபின் இவ்வழக்கம் இன்னும் வேகம் கொண்டது. பேக்பேக்கிங் என்று இதற்குப் பெயர். பயண முகவரின் குழுவில் சேராமல், மலிவான விடுதியில் படுத்து, தெருக்கடையில் உண்டு, தாமே வழி கண்டு போவதால் தாங்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர், உண்மையான பயணிகள் என்பது இவர்களது வாதம். இவ்வாதத்தையே நாம் இங்கு எதிர்க்கிறோம்.

ஆனால் முதியோர் சிலர் எழுப்பும் கூக்குரலோடு நம் குரலையும் சேர்த்துவிட வேண்டாம். காசைக் கரியாக்குகிறார்கள், கெட்டுப்போகிறார்கள் என்று திண்ணையிலிருந்து தீர்ப்பிடுவது எளிது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில், ஓய்வையும் பயணத்தையும் மனிதனைப் பண்படுத்துபவையாகவே காண்கிறது. பிற மக்களை அறிந்து நாம் வளம் பெறவே பயணம் என்பது அதன் பார்வை. மேலும், கடல் கடந்து போவதைப் பாவமென்று சொல்ல முத்துக்குளித்துறைக்கு என்ன உரிமை இருக்கிறது? இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் தோணி ஓட்டிப் பிழைத்த ஊர் இது. நம் பனிமய அன்னையின் திருவுருவமே மணிலாவிலிருந்து கப்பலேறி வந்ததாக நம் கடற்கரை மரபு சொல்லும். ஆகவே போனதற்காக நாம் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. போய் வந்தவர்களிடம் ஆண்டவர் இயேசு யோவானைப் பற்றிக் கூட்டத்தாரிடம் கேட்ட கேள்வியையே கேட்கிறோம்: எதைப் பார்க்கப் போனீர்கள்?

விடையாகக் கைப்பேசி நீட்டப்படுகிறது. நீலக்கடல், வெண்மணல், மிதக்கும் சந்தை, வானளாவிய கட்டடத்தின் உச்சியில் நீச்சல்குளம். எல்லாப் படங்களின் நடுவிலும் சென்றவரே நிற்கிறார். அந்நாட்டு மனிதர் எவராவது தென்பட்டால், தட்டு ஏந்தியோ படகு செலுத்தியோ ஓரத்தில் தென்படுகிறார்.

காஞ்சனபுரியை எடுத்துக்கொள்வோம். பாங்காக்கிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்பதால் நம் இளையோர் பலர் அங்குச் செல்கின்றனர். குவாய் ஆற்றுப் பாலத்தின்மேல் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 1942-43-இல் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைத்த இருப்புப்பாதையின் பாலம் அது. அதைக் கட்டியவர்கள் வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் மட்டுமே என்ற எண்ணத்தை 1957-இல் வந்த ஆங்கிலத் திரைப்படம் ஒன்று உலகெங்கும் விதைத்துவிட்டது. (அப்படம் எடுக்கப்பட்டது தாய்லாந்தில்கூட அன்று, இலங்கையின் கித்துல்கலவில்.) கைதிகளில் 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டது உண்மை. ஆனால் அப்பாதையில் உழைத்த ஆசியத் தொழிலாளரில் இறந்தோர் 90,000 வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகின்றனர். அவர்களுள் பெருந்தொகையினர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்.

போரினால் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாமற்போன காலம். சில மாத வேலை, நல்ல கூலி என்று முதலில் ஆசை காட்டினார்கள். உண்மை தெரிந்து ஆள்கள் வர மறுத்தபோது, வளைத்துப் பிடித்து சரக்கு இரயிலில் ஏற்றினார்கள். சிலர் மனைவி மக்களோடு போனார்கள். 1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் காலரா பரவியபோது, கைதிகளின் முகாம்களிலாவது அவர்களது படை மருத்துவர்கள் இருந்தனர். தமிழர் முகாம்களில் பெரும்பாலும் ஒருவரும் இல்லை. செத்தவர்களோடு சாகக் கிடந்தவர்களையும் சேர்த்து எரித்ததாகத் தப்பி வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மலேசிய எழுத்தாளர் அ. ரெங்கசாமி இத்துயரை 'நினைவுச் சின்னம்' என்ற நாவலாக்கியுள்ளார். நம் இல்ல நூலகங்களில் எத்தனையில் அது இருக்கிறது?

அந்நகரின் நடுவே போர்க்கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள். பெயர், படைப்பிரிவு, வயது எல்லாம் பொறித்து, புல் வெட்டி, பூச்செடி வைத்துப் பேணுகிறார்கள். பேணட்டும், அது நல்லது. நம்மவர்க்கு அப்படியொரு பெயர்ப்பலகையும் கிடையாது. அண்மை ஆண்டுகளில்தான், அதுவும் மலேசியத் தமிழர் இடைவிடாது முயன்றதன் பயனாக, அங்குள்ள பௌத்த மடமொன்றில் தமிழர்க்கென ஒரு நடுகல் எழுந்துள்ளது. பாலத்தைக் கண்டு வந்தவர்களில் எத்தனை பேர் அந்நடுகல்லைத் தேடிப் போனார்கள்? தேடாதது அறியாமையால் என்று சொல்வீர்கள். எந்த விடுதியில் எந்த நேரத்துக்குக் காலை உணவு, எந்தத் தீவுக்கு எந்தப் படகு என்பதையெல்லாம் மாதக்கணக்கில் ஆராய்ந்து போகிறவர்களுக்கு இது மட்டும் தெரியாமற்போனதை வெறும் அறியாமை என்று விட்டுவிட நமக்கு மனம் வரவில்லை. குருவும் லேவியரும் வழியில் கிடந்தவனைக் காணாமல் போகவில்லை. கண்டுதான் விலகிப் போனார்கள். நாமோ காணவே வேண்டாத வகையில் வழியை அமைத்துக்கொள்கிறோம்.

சிங்கப்பூரில் நடப்பதும் இதுவே. அந்நகரின் கட்டடங்களை வியக்கும் நம் இளைஞர், அவற்றைக் கட்டியும் துடைத்தும் நிற்பவர்களில் தம் மாவட்டத்துக்காரர்களும் உண்டு என்பதை அறிவர். 2020-ஆம் ஆண்டு கொள்ளைநோய்க் காலத்தில் அங்கு நோயுற்றோரில் மிகப் பெரும்பாலோர், அறைக்குப் பலராய் அடைந்து வாழ்ந்த வெளிநாட்டுத் தொழிலாளர்களே. ஞாயிறுதோறும் அவர்களுட் பலர் குட்டி இந்தியாவில் கூடுகிறார்கள். அங்கிருந்து நடந்துபோகும் தொலைவில், 1888-இல் தமிழ்க் கத்தோலிக்கருக்கென எழுந்த லூர்து அன்னை ஆலயம் இருக்கிறது. ஒரு ஞாயிறு காலைத் திருப்பலியில் அவர்களோடு மண்டியிட்டு, வெளியே வந்து ஒரு தேநீர் அருந்த எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அந்த ஞாயிறு கேளிக்கைப் பூங்காவுக்கென்று முன்பே சீட்டு வாங்கியாயிற்று!

தீவுகளுக்கு வருவோம். இங்குதான் கடற்கரைப் பிள்ளைகளாகிய நம் இளையோர்மீது நமக்கு மிகுந்த வருத்தம். பட்டாயா என்றதும் பலரும் நமட்டுச் சிரிப்புச் சிரிக்கிறார்கள். 1960-கள் வரை அது ஒரு மீனவச் சிற்றூர். வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படைவீரர்கள் இளைப்பாற வந்தார்கள். அவர்களது பணம் அவ்வூரை வேறொன்றாக்கியது. நாட்டின் வடகிழக்கிலுள்ள வறண்ட உழவர் ஊர்களின் பெண்மக்கள் அங்கு விலைப்பொருளானார்கள். நம் தூத்துக்குடிக்கு அப்படியொரு படை வந்திருந்தால் எவருடைய சகோதரிகள் அந்நிலைக்கு ஆளாகியிருப்பார்கள் என்று சிரிப்பவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

புக்கெட் தீவின் தென்முனையில் இரவாய் என்றொரு கடற்கரை உண்டு. உராக் லவோய் என்னும் கடலோடிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாய் அங்கு வாழ்கின்றனர். நிலத்துக்கு ஆவணம் என்ற ஒன்றை அறியாத மக்கள். சுற்றுலா வளர்ந்து மணலுக்கு விலை ஏறியபோது ஆவணத்தோடு வேறு சிலர் வந்தனர். 2016 சனவரியில், கடலுக்குச் செல்லும் பாதையைப் பாறாங்கல் இட்டு அடைக்க வந்தவர்களுக்கும் ஊராருக்கும் மோதல் மூண்டு பலர் காயமுற்றனர். இவர்களின் உறவினரான மோக்கன் மக்கள்தாம், 2004 திசம்பர் 26 அன்று சுரின் தீவுகளில் கடல் உள்வாங்கியதைக் கண்டதும் முன்னோர் சொன்ன பேரலையை நினைவுகூர்ந்து மேட்டுக்கு ஏறித் தப்பியவர்கள். வலை, படகு, பாட்டன் சொன்ன சொல், கரைக்கான வழக்கு என்று எல்லாவற்றிலும் நம் மக்களைப்போன்ற ஒரு மக்கள். அவர்களது கரையில் நம் பிள்ளை சாய்வு நாற்காலியில் படுத்திருக்கிறான். பக்கத்தில் வலை பொத்துகிறவனைப் பார்த்து, நம் தாத்தாவைப்போல் இருக்கிறாரே என்று அவனுக்குத் தோன்றவில்லை.

புனித சவேரியாரும் இதே வழியில் போனவர்தாம். 1542 அக்டோபரில் நம் கரைக்கு வந்த அவர் தமிழை அரைகுறையாகவே அறிந்திருந்தார். ஆயினும் இருமொழி தெரிந்தவர்களை உட்காரவைத்து மன்றாட்டுகளைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்து ஊர் ஊராய் நடந்தார். 1544-இல் வடுகர் படைக்கு அஞ்சிக் குமரிமுனைப் பாறைகளில் ஒதுங்கிக் கிடந்த மக்களுக்கு மணப்பாட்டிலிருந்து தோணிகளில் உணவு கொண்டுபோனார். மறு ஆண்டு மலாக்காவில் இறங்கியதும் மலாய் மொழியில் அதே வேலையைத் தொடங்கினார். அவரிடமும் சுமை குறைவுதான்! இன்று மலாக்காக் குன்றில் கையிழந்து நிற்கும் அவரது சிலையருகே நம் திருப்பயணக் குழுக்கள் நிற்கும் நேரம் பத்து நிமிடம். குருக்களே முன்னின்று நடத்தும் இப்பயணங்கள் பேக்பேக்கிங்கைவிட எவ்விதத்திலும் உயர்ந்தவையல்ல. இளையோர் முதுகில் சுமப்பதை இவர்கள் பேருந்தில் ஏற்றுகிறார்கள், அவ்வளவே.

ஓய்வெடுக்கப் போன இடத்திலும் வரலாற்றையும் துயரையும் சுமக்கவேண்டுமா என்று கேட்கிறார்கள். நேர்மையான கேள்விதான். ஆண்டு முழுதும் கணினித் திரைமுன் குனிந்து கிடப்பவர் சில நாள் கடலில் குளித்து மகிழ்வதை எவர் மறுப்பார்? அப்படியானால் ஓய்வு என்றே சொல்லுங்கள். உண்மையான பயணி என்ற பட்டத்தை இறக்கிவையுங்கள். பங்கு என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வேரான 'பாரோய்கியா' என்ற கிரேக்கச் சொல்லுக்கு, அந்நிய நாட்டில் குடியிருத்தல் என்பது பொருள் என்று குருமடத்தில் படித்தோம். அந்நியராய் வாழத் தெரிந்தவரே மற்ற அந்நியரை அறிவார். பன்னிரண்டு நாளில் ஏழு நகரங்களைத் தொடுகிறவர் எங்கும் அந்நியராய் இருப்பதில்லை. எங்கும் வாடிக்கையாளராகவே இருக்கிறார்.

இது நம் கரைக்கும் வரும். சவேரியார் தங்கிய குகையுள்ள மணப்பாட்டுக்கு அலைச்சறுக்குப் பலகையோடு பயணிகள் வரத் தொடங்கிவிட்டனர். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் நம் தூத்துக்குடியை அடுத்த விலாங்குசல்லி ஏற்கெனவே நீருக்குள் போய்விட்டது. வான் தீவைக் காக்கக் கடலடியில் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள். பவளப்பாறையை வெட்டி விற்றவர்களுள் நம் ஊராரும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. நாளை முதுகுப்பையோடு வருகிற வெளிநாட்டு இளைஞன் நம் கரையில் மணலையும் மாலைச் சூரியனையும் மட்டும் படமெடுத்துக்கொண்டு, கரைவலை இழுக்கும் நம்மவரை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனால் நமக்கு எப்படி இருக்கும்?

வரும் நவம்பர் இரண்டாம் நாள், இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு நாளில், மாலைத் திருப்பலியைச் சயாம் இருப்புப்பாதையில் மாண்ட பெயர் தெரியாத தமிழர்க்காக ஒப்புக்கொடுக்க இருக்கிறோம். திருப்பலிக்குப்பின் அவர்களைப் பற்றி அரைமணி நேரம் பேசவும் எண்ணம். குவாய்ப் பாலத்தைக் கண்டு வந்த இளையோர் தத்தம் படங்களுடன் வரட்டும்.