சுவரைப் பற்றிக் கேட்பார் இல்லை

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

பூமியில் ஒரு சூரியனை உண்டாக்கப் போகிறோம் என்ற பேச்சு எங்கும் அடிபடுகிறது. இந்தியாவும் பங்காளியாக நின்று பிரான்சில் கட்டிவரும் ஐட்டர் இணைவு உலை எட்டப்போகும் வெப்பநிலை 15 கோடி டிகிரி என்று படித்ததும் வாய் பிளக்கிறோம். அந்தச் சூரியனைச் சுற்றி நிற்கப்போகும் சுவரைப் பற்றிக் கேட்பார் இல்லை. இணைவு மின்சாரம் நம் வீட்டுக்கு வருமா என்பது அந்தச் சுவரின் கையில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணையும்போது வெளிப்படும் நியூட்ரானின் ஆற்றல் சுமார் 1.4 கோடி எலக்ட்ரான் வோல்ட். மின்னூட்டம் இல்லாத அதைக் காந்தம் தடுக்காது. நேரே எஃகில் பாய்ந்து, இரும்பணுக்களைக் கேரம் காய்களைப் போலச் சிதறடிக்கும். பெரும்பாலானவை இடம் திரும்பிவிடும். திரும்பாதவை காலியிடங்களை விட்டுச் செல்லும். போதாக்குறைக்கு, எஃகுக்குள்ளேயே ஹீலியம் பிறந்து குமிழாகத் திரண்டு, உலோகத்தை நொறுங்கச் செய்யும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆழ்வார்பேட்டையில் கேட் வெல்டிங் செய்யும் அப்பாவிடம் இதை விளக்கியபோது, "அந்த இரும்பை முதல்ல எங்கே வெச்சு சோதிப்பாங்க?" என்றார்.

அதுதான் கேள்வி! அத்தகைய நியூட்ரான்களைப் போதிய அளவில் தரும் சோதனைக்கூடம் உலகில் இன்னும் இல்லை. ஸ்பெயினில் ஒன்று கட்டப்பட்டு வருகிறது. மாற்று வழி ஒன்று நமக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டரில், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் நடக்கிறது. 17 லட்சம் வோல்ட் முடுக்கியால் எஃகின்மேல் அயனிகளைச் செலுத்தி, உலையில் ஆண்டுக்கணக்கில் நேரும் சேதத்தைச் சில மணி நேரத்தில் உண்டாக்குகிறார்கள். சேதம் மேல்தோலில் ஏறக்குறைய ஒரு மைக்ரான் ஆழம்வரைதான் என்பது குறை. இணைவு உலைக்கென்றே ஓர் இந்திய எஃகும் உருவாகியிருக்கிறது. குரோமியம் 9 சதவீதம், டங்ஸ்டன் 1.4, டாண்டலம் 0.06. நெடுங்காலம் கதிர்வீச்சை உமிழக்கூடிய மாலிப்டினமும் நியோபியமும் அதிலிருந்து விலக்கப்பட்டுள்ளன.

ஏழை நாட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்பார் உண்டு. உலையின் செலவைப் பற்றி அவர்கள் கேட்கட்டும். சோதனையின் செலவைக் குறை சொல்லலாகாது. பிரிட்டனின் டவுன்ரே வேக உலை 1959இல் இயங்கத் தொடங்கியது. அதற்குள்ளிருந்த எஃகு வீங்கியிருக்கும் செய்தி 1967இல்தான் வெளிவந்தது.

நம் பாடத்திலோ ஃப்ரெங்கல் குறைபாடு இரண்டு மதிப்பெண் வினா. படம் வரைந்துவிட்டு வங்கித் தேர்வுக்குப் படிக்கப் போய்விடுகிறோம். துறைத் தலைவர் அவர்கள் அடுத்த ஆண்டுச் சுற்றுலாவை ஊட்டிக்குப் பதில் கல்பாக்கத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். அனுமதிக் கடிதத்தை நானே எழுதித் தருகிறேன்.