தலைக்கு மேல் அனற்குழாய்

கனடாவிலே பண்டகசாலையொன்றிற் பணிபுரியும் எம் பழைய மாணவர் ஒருவர், கூரையிலே தொங்கும் எரிவாயு அனற்குழாயைப் பற்றி எமக்கு எழுதியுள்ளார். காற்றுக் குளிர்ந்திருக்க, கீழே நிற்போர்க்கு மட்டும் வெயில் காய்வதுபோல் இருப்பது எவ்வாறு என்பது அவர் ஐயம்.

குழாயின் ஒரு முனையில் வாயு எரிகிறது. விசிறி அவ்வனலை மறுமுனைவரை செலுத்துகிறது. சூடேறிய குழாய் வீசும் செந்நிறக்கீழ்க் கதிர்களை மேலுள்ள பளபளப்பான தகடு கீழ்நோக்கித் திருப்புகிறது. ஞாயிற்றுக் கதிர்போல் அவை காற்றை விடுத்து ஆளையும் நிலத்தையும் சூடாக்கும், அட்டைப்பெட்டியையுந்தான்! குழாய்க்கருகே சரக்கை அடுக்குதல் தீயை அழைப்பதாகும்.

முடுக்கியதும் தீ வராது. முதலில் விசிறி சுழன்று, தங்கிய வாயுவை வெளியேற்றும், பின்னரே பொறி. சுவாலை தோன்றாவிடில் வாயுவழி தானே அடைபடும். அதனை மீண்டும் மீண்டும் முடுக்குதல் பேதைமை. எரிமுனையிற் சிலந்திவலையோ, புகைபோக்கியிற் குருவிக்கூடோ இருக்கலாம்.

மூன்றாண்டாக யாரும் ஏணி வைத்துப் பார்க்கவில்லை என்று அன்பர் போகிற போக்கில் எழுதியுள்ளார். எமக்குக் கவலை அதுவே. எரிவாயு கசிந்தால் மணம் காட்டிக்கொடுக்கும். அதற்கென்றே மணப்பொருள் சேர்க்கிறார்கள். அரைகுறையாய் எரிகையிற் பிறக்கும் காபனோரொட்சைட்டுக்கோ மணமுமில்லை, நிறமுமில்லை. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது குருதியின் ஈமோகுளோபினைப் பற்றும். பலருக்கு ஒருங்கே தலையிடியும் ஓங்காளமும் கண்டால், தடிமனென்றிராது உடனே வெளியேறுக. ஆண்டுதோறும் குளிர்காலத்துக்கு முன், தேர்ந்த தொழிலாளரைக் கொண்டு எரிமுனையையும் குழாய்ப் பொருத்துக்களையும் புகைபோக்கியையும் சோதிப்பிக்குமாறு மேலாளரைக் கேட்க அவர் கூசவேண்டியதில்லை.