சிரிப்புக்கும் அனுமதிப் பத்திரமா?

அமெரிக்காவிலே பின்னிரவுத் தொலைக்காட்சியில் நகைச்சுவையாளர் பலர் அரசோச்சி வந்துள்ளனர். ஒருவருக்கு ஜொனி கார்சனின் அடக்கமான குறும்பு இனித்தது. இன்னொருவருக்கு லெட்டர்மனின் கோணற் சிரிப்பு. லெனோவா, கொனன் ஓப்ரயனா என்று 2010இல் ரசிகர்கள் இரு பாசறைகளாகப் பிரிந்து பொருதனர். பொருதட்டுமே! ஜிம்மி கிம்மெல் நமக்கும் அத்துணை சுவைப்பவரல்லர்.

ஆனால் 2025 செப்டெம்பரில் நடந்ததென்ன? சார்லி கேர்க்கின் கொலையையொட்டிக் கிம்மெல் பேசிய சொற்களுக்காக, ஒளிபரப்பு நிலையங்களுக்கு உரிமம் வழங்கும் சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழுவின் தலைவர் பிரென்டன் கார் பகிரங்கமாகவே மிரட்டினார். அன்றே ஏ.பி.சி. நிறுவனம் நிகழ்ச்சியை நிறுத்தியது. ஜனாதிபதி டிரம்ப் அதனை மெச்சிக்கொண்டார்!

பிடிக்காதவன் பெட்டியை அணைக்கலாம். அஃது அவனது உரிமை. உரிமப் பத்திரத்தைக் கையில் வைத்திருப்பவன் "பிடிக்கவில்லை" என்றால் அதற்குப் பெயர் சுவையா? அச்சுறுத்தலன்றோ! கிம்மெலை வெறுத்து, அவர் வீழ்ச்சியில் மகிழ்ந்த குடியரசுக் கட்சிச் செனட்டர் ரெட் குரூஸே அம்மிரட்டலைக் கண்டித்தார்.

ஆறு நாட்களில் கிம்மெல் மீண்டார். மீண்டாரே என்று வாளாவிருக்க நம்மால் இயலாது. மிரட்டியவர் பதவி இழந்தாரில்லை. அன்று கைகொட்டியோரைக் கேட்கின்றோம்: ஆட்சி மாறி, அதே கோல் உங்கள் அபிமான விகடகவியின் மீது ஓங்கப்படுமாயின், எந்த முகத்துடன் முறையிடுவீர்கள்?