கருவி கொடுத்தாச்சு, கரண்டு யார் கொடுப்பது?

பொட்டிப்புரம் பக்கம் ஒரு டிராக்டரை நிறுத்தி, "இதில் பேட்டரி எங்கே இருக்கு?" என்று கேட்டால் சின்னப் பையன்கூடக் கை காட்டுவான். கம்பெனியிலிருந்து வரும்போதே பேட்டரிக்கென்று ஒரு தட்டு, அது ஆடாமல் பிடிக்க ஒரு க்ளாம்ப், ஃபியூஸ், கலர் கலராக வயர் எல்லாம் சேர்ந்தே வருகிறது. ஆட்டோவும் அப்படித்தான், ஸ்கூட்டரும் அப்படித்தான். புது வண்டி வாங்கியவர் யாரும் பேட்டரியைக் கையில் தூக்கிக்கொண்டு "இதை எங்கே வைக்கிறது?" என்று முழிப்பதில்லை.

இப்போது ராமநாதபுரத்திலோ கன்னியாகுமரியிலோ கரையில் ஏற்றி வைத்திருக்கும் ஒரு சின்ன ஃபைபர் படகை எட்டிப் பாருங்கள். எட்டு, ஒன்பது மீட்டர் நீளம் இருக்கும். வலை, ஐஸ் பெட்டி, பெட்ரோல் கேன், நாலைந்து ஆள், எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. பேட்டரிக்கு? அது படகுக்காரர் பாடு!

கடலே இல்லாத தேனி மாவட்டத்துக்கு எதற்கு இந்தப் படகுக் கவலை என்று கேட்கலாம். ஒவ்வொரு முறை மீனவர்கள் காணாமல் போகும்போதும் டீக்கடையிலிருந்து கல்லூரி கேன்டீன் வரை ஒரு தீர்ப்பு சொல்லப்படுகிறது: "எச்சரிக்கை கொடுத்தும் கேக்காமப் போனா இப்படித்தான்." கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்களோ அவ்வளவு சுலபமாக இதைச் சொல்லிவிடுகிறார்கள். எச்சரிக்கை ஒரு படகுக்குள் எப்படிப் போய்ச் சேருகிறது என்று யாரும் கேட்பதில்லை. கவலைக்குக் காரணம் அதுதான்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்ட மீனவர்கள் பலர் ஏற்கெனவே கடலில் இருந்தார்கள். நவம்பர் 30 அன்று புயல் அடித்த பிறகு நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கரையில் காத்துக் கிடந்தன. செல்போன் சிக்னல் கரையிலிருந்து சுமார் 10, 12 கிலோமீட்டர் வரைதான். அதற்கு அப்பால் இருந்தவர்களிடம் சேதி சொல்ல வழியே இல்லை.

அதற்குப் பிறகு கருவிகள் வரிசையாக வந்தன. 2019 அக்டோபரில் ஜெமினி. ககன் செயற்கைக்கோள் வழியாக வரும் புயல் எச்சரிக்கையைப் பிடித்து, புளூடூத் மூலம் மீனவரின் செல்போனுக்கு அனுப்பும் பெட்டி அது. சேதி ஒருவழிதான், படகிலிருந்து பதில் சொல்ல முடியாது. அடுத்து டிரான்ஸ்பாண்டர். 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிராவின் பால்கரில் பிரதமர் தொடங்கி வைத்தார். 13 கடலோர மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஒரு லட்சம் படகுகள், சுமார் 360 கோடி ரூபாய். இதில் இரண்டு பக்கமும் சேதி போகும். நல்ல விஷயம், சந்தேகமே இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஜெமினிக்கு மின்சாரம் வேண்டும். அந்தச் சேதியைக் காட்டும் செல்போனுக்கும் வேண்டும். டிரான்ஸ்பாண்டருக்கும், ஒயர்லெஸ் செட்டுக்கும், ஜி.பி.எஸ்ஸுக்கும், இரவு விளக்குக்கும் வேண்டும். கருவிக்குள்ளேயே சின்ன பேட்டரி இருந்தாலும் அதையும் எங்கிருந்தாவது சார்ஜ் ஏற்றித்தான் ஆக வேண்டும். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் சின்ன அவுட்போர்டு எஞ்சின் ஓடுவதற்குப் பேட்டரியே தேவையில்லை. அதனால் படகோடு பேட்டரி வருவதும் இல்லை. பிற்பாடு யாரோ ஒரு பழைய கார் பேட்டரியைக் கொண்டுவந்து பலகைக்குக் கீழே வைத்து, கிடைத்த வயரை முறுக்கி டேப் சுற்றிவிடுகிறார்கள். உயிர் காக்கும் கருவி தொங்குவது அந்த டேப்பில்தான்!

இது ஏன் ஆபத்து என்று புரிந்துகொள்ள என்ஜினீயரிங் படிக்க வேண்டாம். கம்பம் பள்ளத்தாக்கில் கிணத்து மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு லோ வோல்டேஜ் தெரியும். தூரத்துக் கம்பத்திலிருந்து மெல்லிய வயரில் இழுத்தால் மோட்டார் முனகும். படகிலும் அதே கதை. பேட்டரியிலிருந்து ஒயர்லெஸ் செட் 5 மீட்டர் தள்ளி இருந்தால், போகவும் வரவும் 10 மீட்டர் வயர். 25 வாட் செட்டில் பேசும்போது சுமார் 6 ஆம்பியர் இழுக்கும். 1 சதுர மி.மீ. செம்பு வயர் போட்டால் வழியிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் போய்விடும். பேட்டரி ஏற்கெனவே இறங்கி 11.5 வோல்ட்டில் இருந்தால் செட்டுக்குக் கிடைப்பது பத்தரை கூட இல்லை. அதாவது கேட்கும்போது நன்றாகக் கேட்கும். "காப்பாத்துங்க" என்று பட்டனை அழுத்தும்போது செட் அணைந்துவிடலாம். 4 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு கால் வோல்ட்தான். வித்தியாசம் சில நூறு ரூபாய் வயர்.

எவ்வளவு பெரிய பேட்டரி வேண்டும்? இதுவும் கூட்டல் கணக்குதான். ஒயர்லெஸ் சும்மா இருக்கும்போது அரை ஆம்பியர் என்றால் 24 மணி நேரத்துக்கு 12 ஆம்பியர்-மணி. மொத்தம் அரை மணி பேசினால் 3. ஜி.பி.எஸ்ஸும் எக்கோ சவுண்டரும் 12 மணி நேரத்துக்கு 12. பத்து வாட் விளக்கு பத்து மணி நேரத்துக்கு சுமார் 8. இரண்டு செல்போனுக்கு 3. ஆக 38. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலி செய்தால் சீக்கிரம் செத்துவிடும். எனவே ஒரே ஒரு நாளுக்கு 80 ஆம்பியர்-மணி பேட்டரி தேவை. எடை 20 கிலோவைத் தாண்டும். எஞ்சின் நின்று இன்னொரு நாள் கடலில் மாட்டினால்? அந்தக் கணக்கை யார் போட்டுக் கொடுத்தார்கள்?

20 கிலோவை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. பின்பக்கம் எஞ்சின் கனம் ஏற்கெனவே இருக்கிறது. முன்பக்கம் அலையில் தூக்கித் தூக்கிப் போடும். ஆகவே நடுப்பகுதியில், தாழ்வாக, ஆனால் அடியில் தேங்கும் தண்ணீருக்கு மேலே வைக்க வேண்டும். கரையேறும்போது அலை மோதினாலும் நகராதபடி பட்டை போட்டு இறுக்க வேண்டும். மூடிய பெட்டி வேண்டும், ஆனால் காற்றுப் போக்கு இருக்க வேண்டும்; சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். பெட்ரோல் கேனுக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. உப்புத் தண்ணீர் பேட்டரிக்குள் புகுந்தால் குளோரின் வாயு கிளம்பும். பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் வேண்டும், இல்லையென்றால் எங்காவது வயர் உரசினால் தீதான். வெறும் செம்பு உப்புக்காற்றில் களிம்பு ஏறிவிடும், அதனால் ஈயம் பூசிய வயர் வேண்டும். இத்தனையையும் வலையும் ஐஸும் நிறைந்த படகில் ஒருவர் தானாகவே யோசித்துச் செய்ய வேண்டுமாம்! செய்யவில்லை என்றால் "விழிப்புணர்வு இல்லை" என்று பட்டம்.

"சோலார் பேனல் வைத்தால் முடிந்தது" என்று சிலர் சொல்கிறார்கள். பேனல் நல்லதுதான். ஆனால் அதற்கும் சார்ஜ் கன்ட்ரோலர் வேண்டும், பேட்டரி வேண்டும், வலை இழுக்கும்போது காலில் படாத இடம் வேண்டும். புயல் மேகத்தில் பேனல் என்ன கொடுக்கும் என்றும் யோசிக்க வேண்டும்.

"கட்டுமரக் காலத்தில் பேட்டரி இருந்ததா?" என்பது இன்னொரு வாதம். இல்லைதான். அன்று யாரும் எச்சரிக்கையை செல்போனுக்கு அனுப்பிவிட்டு "கடமை முடிந்தது" என்று கை கழுவவும் இல்லை.

இதற்கெல்லாம் முன்மாதிரி இல்லாமலும் இல்லை. உலக உணவு வேளாண்மை அமைப்பு, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, சர்வதேசக் கடல்சார் அமைப்பு மூன்றும் சேர்ந்து 2012-ல் 12 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கென்றே பாதுகாப்புப் பரிந்துரைகளை வெளியிட்டன. மேல்தளம் இல்லாத திறந்த படகுகளுக்கும் சேர்த்துத்தான். அதில் எஞ்சினுக்கும் மின் அமைப்புக்கும் தனி அத்தியாயமே உண்டு.

காமர்ஸ் படிக்கும் யாருக்கும் இந்தத் தப்பு சட்டென்று பிடிபடும். மெஷின் வாங்கினால் அதன் விலையோடு நிற்பதில்லை. கொண்டுவரும் செலவு, பொருத்தும் செலவு எல்லாம் சேர்ந்ததுதான் சொத்தின் மதிப்பு. முதல் வருடப் பாடம் இது. மெஷினைப் பெட்டியோடு வாசலில் இறக்கிவிட்டு "உற்பத்தி தொடங்கியது" என்று எந்தக் கம்பெனியும் எழுதாது. கருவிகளின் எண்ணிக்கையை மட்டும் சாதனையாகச் சொல்வதும், பேட்டரியையும் வயரையும் மீனவர் தலையில் கட்டுவதும் அந்த மாதிரிக் கணக்குதான்.

கேட்க வேண்டியவை மூன்று. மானியத்தில் கொடுக்கும் எந்தப் படகும் பேட்டரி மேடை, பெட்டி, ஃபியூஸ் பலகை, சரியான வயரோடுதான் கரைக்கு வர வேண்டும். ஒவ்வொரு மீன்பிடி இறங்குதளத்திலும் படகு வயரிங் தெரிந்த, ஐ.டி.ஐ. படித்த ஒருவராவது இருக்க வேண்டும். அந்த ஊர் இளைஞருக்கே அந்த வேலையைக் கொடுக்கலாம். மூன்றாவதுதான் முக்கியம்: தடைக்காலத்தில் விசைப்படகின் நீளத்தையும் எஞ்சின் குதிரைத்திறனையும் அளக்கப் போகும் அதிகாரிகள், சின்னப் படகுகளுக்கும் வருடம் ஒருமுறை ஒரு மல்டிமீட்டரோடு போக வேண்டும். எஞ்சினை நிறுத்தி, எல்லாக் கருவியையும் போட்டு, ஒயர்லெஸ்ஸில் பேசவிட்டு, செட்டின் முனையில் எத்தனை வோல்ட் என்று பார்த்து எழுத வேண்டும். பத்து நிமிட வேலை.

அந்த எண் எழுதப்படாத படகில் இருப்பவரைப் பார்த்து "எச்சரிக்கை கேட்கவில்லை" என்று சொல்லும் உரிமை, சென்னையில் இருப்பவருக்கும் கிடையாது, தேனியில் இருப்பவருக்கும் கிடையாது.